இருபது நிமிடம்

போத்தலுக்குள் நாகத்தூள் போட்டு மூடியாயிற்று.
இனி இருபது நிமிடம்.
மூடிக்கு அடியில் செருகிய வெள்ளைக் கடதாசி
நிறம் மாறுமா என்று
நானும் அஸ்மிரும் குழாயடிச் சீமெந்தில் குந்தியிருக்கிறோம்.
கிண்ணியாவுக்கு இப்பால்,
உப்பாற்றுக் காற்றில் கண்டல் சேற்றின் முட்டை நாற்றம்.

"நாகமெண்டா பாம்பில்ல ராத்தா, உலோகம்."
ஹம்சியா சிரிக்கவில்லை.
"அப்ப தண்ணிக்குள்ள என்னத்தத் தேடுறீங்க?"

சொல்லிப் பார்த்தேன்.
பாறையில் இருந்தது. மழை கரைத்தது. ஆறு கொண்டுவந்தது.
வழியெல்லாம் துரு அதைக் கையில் பிடித்தபடி வந்தது:
மணியளவு மணலுக்கும் ஒரு செந்துருத் தோல்,
தோலில் ஒட்டிய ஆசனிக்கு.
பிடி இருக்கும்வரை யாருக்கும் தீங்கில்லை.

பிறகு கண்டல் செத்து
இலையோடும் வேரோடும் புதைந்தது.
அதன்மேல் சேறு. சேற்றின்மேல் சேறு.
காற்றுப் புகாத அந்த இருட்டில்
கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்
உக்கிய இலையைத் தின்றன;
மூச்சுவிட வேறொன்றும் இல்லாமல்
துருவைப் பிடுங்கின.
துரு கரைந்தது.
கை விட்டது.

மணமில்லை. ருசியில்லை.
கொதிக்கவைத்தாலும் போகாது.

இவ்வளவும் சொல்ல ஏழு நிமிடம்.

"துருவுக்குத்தான் நான் கடிதம் போட்டன்" என்றா ஹம்சியா.
"திருகோணமலைக்கு ஆறு கடிதம்.
மகன்ட பள்ளிச் சட்டையப் பாருங்க."
கொடியில் பார்த்தேன்.
வெள்ளை என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்தக் குழாய் கடல் வந்துபோன மறுவருடம் இறக்கியது.
கொடுத்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது, பாதி எழுத்துப் பொரிந்து.
பழைய கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, மூடுங்கள் என்றார்களாம்.
மூடவில்லை. ஆட்டுக்கும் சட்டிபானைக்கும் அது.

பதினொன்றாம் நிமிடம் பிளேன்டீ வந்தது.
எந்தத் தண்ணீர் என்று கேட்கத் தேவையில்லை;
இரும்பு சேர்ந்தால் தேயிலை மைபோல் கறுக்கும்.
அஸ்மிர் என்னைப் பார்த்தான்.
குடிக்காமல் விட்டால் அதுவே அறிக்கை.
குடித்தேன்.
ஒரு கோப்பையால் ஒன்றும் ஆகாது.
பதினெட்டு வருடத்தால் ஆகும்.

கோப்பையைத் திருப்பி வாங்கும்போது உள்ளங்கை தெரிந்தது.
கடுகு கடுகாய்த் தடித்த புள்ளிகள்.
"மீன் வெட்டி வெட்டி" என்றா, கையை மூடிக்கொண்டு.
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

இரவில் வாளியில் பிடித்து வைப்பீர்களா என்று கேட்டேன்.
வைத்தால் காற்றுப்பட்டுத் துரு திரும்பப் பிறக்கும்,
விட்டதைத் தேடிப் பிடித்து அடியில் போய்ப் படியும்,
மேலே தெளிந்ததை வடித்தெடுத்தால்
முழுக்க இல்லாவிட்டாலும் கொஞ்சமாவது குறையும்.

"வைக்கிற. ஆனா வடிக்கிறல்ல.
நுஸ்ராவுக்கு இப்ப ஆறு மாசம்,
ரத்தம் காணாதெண்டு கிளினிக்கில சொன்னாங்க.
இரும்புச்சத்துத்தானே எண்டு
அடியக் கலக்கித்தான் குடுக்கிற."

பதினான்கு. பதினைந்து.
ஓர் ஆடு வந்து போத்தலை மோந்துவிட்டுப் போனது.

இருபதில் மூடியைத் திறந்தேன்.
குழாய்த் தண்ணீரின் கடதாசி
பழுத்த பலாச்சுளை நிறம்.
அட்டையில் அந்த நிறத்துக்கு நேரே இருந்த எண்ணை
நான் வாய்விட்டு வாசிக்கவில்லை.
உப்புக் கிணற்றின் கடதாசி
வைத்தபடியே வெள்ளை.

சிவப்புப் பூசவேண்டும், அதுதான் விதி.
பூசினோம்.
பதினெட்டு வருடத் துருவேறிய சீமெந்தில்
சிவப்பு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.
வேறு நிறம் பார்க்க அஸ்மிர் வானுக்கு ஓடினான்.
அங்கிருந்து கையை விரித்தான்:
மிச்சம் இருப்பது பச்சை மட்டும்.

ஹம்சியா ஒன்றும் சொல்லவில்லை.
கொடியில் கிடந்த சட்டையை உருவி வந்து
குழாயின் கைபிடியைச் சுற்றி இறுக்கினா.
ஒரு முடிச்சு.
யோசித்துவிட்டு,
இன்னொன்று.